மண்ணீரலில் கட்டி: படம் பாதி, ஆள் பாதி

வயிற்றுக்கு ஸ்கேன் எடுக்கப் போவது வேறு எதற்காகவோ இருக்கும். பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், இல்லையென்றால் கம்பெனி அனுப்பிய ஆண்டுப் பரிசோதனை. தேடிப் போனது அகப்பட்டதோ இல்லையோ, அறிக்கையின் கடைசியில் மண்ணீரலில் 3 சென்டிமீட்டர் அளவில் ஏதோ தெரிகிறது, மேற்கொண்டு பார்க்கவும் என்று ஒரு வரி இருக்கும். அதுவரை மண்ணீரல் என்று ஒன்று உடம்பில் இருப்பதையே நினைத்துப் பார்க்காத ஆளுக்கு அன்றைக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும்.

நான் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மருத்துவர் இல்லை, ஆய்வகத் தொழில்நுட்பர். அறுவை அறையிலிருந்து வரும் திசுக்களை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, பேத்தாலஜிஸ்ட் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்படி கண்ணாடித் தகட்டில் வைத்துக் கொடுப்பது என் வேலை. அதனால் உறவிலும் அக்கம்பக்கத்திலும் யாருக்கு இந்த மாதிரி அறிக்கை வந்தாலும் முதலில் எனக்குத்தான் வாட்ஸ்அப்பில் வரும். ஒரே ஆண்டில் இரண்டு பேரிடமிருந்து மண்ணீரல் அறிக்கை வந்தது. ஒருவர் யீஷூனில் இருக்கும் என் சித்தி. இன்னொருவர் எங்கள் புளோக்கில் மேல் மாடியில் இருக்கும், பேருந்து ஓட்டுகிற அண்ணன். இருவரும் எழுதச் சொல்லி அனுமதி கொடுத்த பிறகுதான் எழுதுகிறேன்.

இருவருக்கும் கட்டி கிட்டத்தட்ட ஒரே அளவு. அண்ணனை ஒன்றும் செய்யாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சித்திக்கு மண்ணீரலையே எடுத்தார்கள். கடைசியில் பார்த்தால் இருவருக்குமே புற்றுநோய் இல்லை. அப்படியென்றால் சித்திக்கு வீணாக அறுத்துவிட்டார்களா என்று குடும்பத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். மண்ணீரல் விஷயத்தில் ஸ்கேன் படம் பாதிதான் சொல்லும். மீதியைச் சொல்வது அந்த ஆளின் உடம்பு கடந்து வந்த கதை.

மண்ணீரல் இடப்பக்கம், 9-ஆவது முதல் 11-ஆவது விலா எலும்பு வரை, அவற்றுக்கு உள்ளே பத்திரமாக இருக்கிறது. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 150 கிராம் எடை, 11, 12 சென்டிமீட்டர் நீளம். வயதான சிவப்பணுக்களைப் பிடித்து அழிப்பது, ரத்தத்தில் வரும் கிருமிகளை வடிகட்டுவது, எதிர்ப்புச் சக்திக்கான அணுக்களைத் தயார் நிலையில் வைத்திருப்பது எல்லாம் அதன் வேலை. உள்ளே முழுக்க முழுக்க ரத்தம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல முடிவுகளுக்கு இதுதான் காரணம்.

நம் வட்டாரத்தில் மண்ணீரலில் ஏதாவது தெரிந்தால் டாக்டர்கள் முதலில் கட்டியைப் பற்றிப் பேச மாட்டார்கள். காய்ச்சல் இருந்ததா, எடை குறைந்ததா, ராத்திரி வியர்க்கிறதா, சர்க்கரை உண்டா என்றுதான் கேட்பார்கள். அண்ணனுக்கு இது புரியவே இல்லை. "தங்கச்சி, கட்டியப் பத்திக் கேக்கப் போனா சர்க்கரையப் பத்தி விசாரிக்கிறாரே" என்றார். காரணம் இருக்கிறது. காசநோய் மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகளாக உட்காரும். தென்கிழக்காசிய மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸ் என்ற நோய் சிங்கப்பூரிலும் உண்டு. சர்க்கரை நோயாளிகளை அது அதிகம் பிடிக்கும், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். படத்தில் பார்த்தால் இவையும் கட்டிகள் மாதிரியே தெரியும். சீழுக்குத் தேவை ஆன்டிபயாட்டிக், காசநோய்க்குத் தேவை மாதக் கணக்கில் மாத்திரை. இரண்டிலும் மண்ணீரலை எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. ஆகவே அந்தக் கேள்விகளுக்கு மறைக்காமல், யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். ஊருக்குப் போய்வந்தது, வேலையிடத்தில் மண்ணிலும் சேற்றிலும் நின்றது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது நல்லது.

காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை என்றால் அப்புறம்தான் கட்டிகள். மண்ணீரலில் தோன்றும் தீங்கில்லாத கட்டிகள் அரிது. அவற்றுள் அடிக்கடி காணப்படுவது ஹெமாஞ்சியோமா, அதாவது ரத்தக்குழாய்கள் கூடி உருவாகும் கட்டி. பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும், எந்தத் தொந்தரவும் தராது. பெரிதானால் உடைந்து ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. அடுத்தது ஹமார்ட்டோமா. மண்ணீரலின் சொந்தத் திசுவே ஒழுங்கு தவறி ஓரிடத்தில் திரண்டு நிற்பது. வியன்னாவின் ரொக்கிடான்ஸ்கி 1861-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். நிணநீர்க் குழாய்களில் உருவாகும் லிம்ஃபாஞ்சியோமா தேன்கூடு போல் நீர்ப்பைகளாக இருக்கும், பெரும்பாலும் குழந்தைகளிடம் தெரியவரும்.

இன்னும் அரிதானவை இரண்டு. மண்ணீரலுக்குள் ரத்தம் தேங்கிச் செல்லும் நுண்ணிய வழிகளின் உட்சுவரில் லிட்டோரல் செல் என்ற ஒருவகை அணுக்கள் உண்டு, உடம்பில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றிலிருந்து வரும் கட்டிக்கு லிட்டோரல் செல் ஆஞ்சியோமா என்று பெயர். 1991-ல் ஃபால்க் என்பவரும் சக மருத்துவர்களும் 17 நோயாளிகளை வைத்து முதன்முதலாக இதை விவரித்தார்கள். இரண்டாவது, எங்கள் கூடத்தில் சான்ட் என்று சுருக்கமாகச் சொல்லும் கட்டி. நார்த்திசு நடுவில் தழும்பு மாதிரி ஓட, அதைச் சுற்றி ரத்தக்குழாய் முடிச்சுகள் நிற்கும் அமைப்பு. 2004-ல் மார்ட்டெல் குழுவினர் 25 பேரின் கட்டிகளை ஆராய்ந்து இதற்கு இந்தப் பெயரைக் கொடுத்தார்கள். அதற்கு முன்னும் இது இருந்திருக்கும், வேறு பெயர்களில் பதிவாகியிருக்கும். நடுவயதுப் பெண்களிடம் சற்றே அதிகம். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத்தான் அகப்படும்.

சித்திக்கு வந்தது இதுதான். ஆனால் அது தெரிய மாதக் கணக்கில் ஆனது.

சித்திக்குச் சில ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்து, அறுவை, கீமோ எல்லாம் முடிந்து, நன்றாக இருந்தார். தேக்கா சந்தைக்குத் தானே போய் மீன் வாங்கி வரும் அளவுக்குத் தெம்பு. வலப்பக்கம் வயிறு வலிக்கிறது என்று போனவருக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். பித்தப்பையில் கல். கூடவே மண்ணீரலில், ரத்தக்குழாய்கள் நுழையும் வாசலுக்குப் பக்கத்தில், 3.8 சென்டிமீட்டரில் கெட்டியாக ஒன்று. அண்ணனுக்கு 3 சென்டிமீட்டர் இருந்தது. சிறுநீரகக் கல்லுக்கு எடுத்த சிடி ஸ்கேனில் தெரிந்தது. அவருக்கு வேறு எந்த நோயும் இல்லை, இடப்பக்கம் வலியும் இல்லை.

இங்கே ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். 2018-ல் ரேடியாலஜி என்ற ஆய்விதழில் வந்தது. சிடி ஸ்கேனில் மண்ணீரலில் கட்டி தெரிந்த 379 பேரை எடுத்துக்கொண்டு, யாருக்கெல்லாம் அது புற்றுநோயாக முடிந்தது என்று பார்த்தார்கள். முன்பு புற்றுநோய் வந்தவர்கள் 145 பேர். அவர்களில் 49 பேருக்கு மண்ணீரலில் இருந்தது புற்றுநோய், அதாவது மூன்றில் ஒருவருக்கு. காய்ச்சல், எடைக்குறைவு, வலி போன்ற அறிகுறிகளோடு வந்தவர்கள் 29 பேர். அவர்களில் 8 பேருக்கு. எந்த நோயும் அறிகுறியும் இல்லாமல் தற்செயலாகத் தெரிந்தவர்கள் 205 பேர். அவர்களில் 2 பேருக்கு மட்டும். நூற்றுக்கு ஒன்று.

இந்தக் கணக்கைச் சித்தியையும் அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். இரண்டு படங்களும் ஒன்றுபோலவே இருந்தாலும் அண்ணன் நூற்றுக்கு ஒன்று என்ற கூட்டத்தில் நிற்கிறார், சித்தி மூன்றில் ஒன்று என்ற கூட்டத்தில் நிற்கிறார். டாக்டர்கள் இருவரையும் ஒரே மாதிரி நடத்தியிருந்தால்தான் தவறு. வாட்ஸ்அப்பில் அறிக்கையை மட்டும் அனுப்பி இது என்ன என்று கேட்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுதான்: கட்டியைப் பற்றி அப்புறம் சொல்லுங்கள், முதலில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

சரி, படம் என்ன சொல்கிறது? அல்ட்ராசவுண்ட் நீரா, கெட்டியா என்று பிரித்துக் காட்டும். மெல்லிய சுவரும் தெளிந்த நீரும் உள்ள பை என்றால் கவலையே இல்லை. கெட்டியாக இருந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று டாப்ளரில் பார்ப்பார்கள். சிடி ஸ்கேனில் மண்ணீரலுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. படம் தெளிவாகத் தெரிவதற்கான மருந்தைக் கைநரம்பில் ஏற்றிய முதல் சில நொடிகளில் மண்ணீரல் சீராக நிறம் பிடிக்காது. வரிவரியாக, திட்டுத்திட்டாகத் தெரியும். அது இயல்பு. அந்த நேரத்துப் படத்தை மட்டும் பார்த்தால் இல்லாத கட்டி இருப்பதுபோல் தோன்றும். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் பொறுத்து எடுத்தால் எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிடும். அப்போதும் தனியாக நிற்பதுதான் உண்மையான கட்டி. அறிக்கையில் எந்தக் கட்டத்துப் படம் என்று எழுதியிருப்பதை ரேடியாலஜிஸ்ட் கவனிப்பது இதற்காகத்தான். மண்ணீரலுக்குப் பக்கத்தில் குட்டி மண்ணீரல் ஒன்று கூடுதலாக இருப்பதும் பலருக்கு உண்டு. அதுவும் பார்ப்பவர்களைப் பயமுறுத்தும், ஆனால் பிறவியிலேயே வந்தது.

எம்ஆர்ஐ இன்னும் நுணுக்கமாகக் காட்டும். நீரும் ரத்தமும் பளிச்சென்று தெரியும் வகைப் படத்தில் ஹெமாஞ்சியோமா வெளிச்சமாக இருக்கும், மருந்து ஏற்றினால் மெதுவாக நிறையும். அண்ணனுக்கு இருந்தது அப்படித்தான். ஒரு வருடம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள், அளவு மாறவில்லை. இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் கதை அவ்வளவுதான். ஊசி இல்லை, கத்தி இல்லை, மாத்திரைகூட இல்லை. ஒரு வருடக் காத்திருப்பே அவருக்குப் பரிசோதனையாக இருந்தது. மண்ணீரலின் அரிய கட்டிகளில் காலத்தைப் போல் மலிவான, ஆபத்தில்லாத பரிசோதனை வேறு கிடையாது என்பது என் எண்ணம். ஆனால் காத்திருக்கத் தகுந்த ஆளாக இருக்க வேண்டும்.

சித்தியின் எம்ஆர்ஐ வேறு மாதிரி. அதே வகைப் படத்தில் கட்டி கருத்துத் தெரிந்தது. நார்த்திசுவும் பழைய ரத்தத்தின் இரும்புச்சத்தும் இருந்தால் அப்படி ஆகும். மருந்து ஏற்றியதும் வெளி ஓரம் முதலில் ஒளிர்ந்து, அங்கிருந்து மையத்தை நோக்கிக் கோடு கோடாக, மாட்டு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல நிறம் ஏறியது. இந்த ஆரக்கால் தோற்றம் சான்ட் கட்டியின் அடையாளம் என்று ரேடியாலஜிஸ்டுகள் சொல்வார்கள். ஆனால் எல்லாச் சான்டிலும் இது தெரியாது. தெரிந்தாலும் அதை மட்டும் வைத்து, முன்பு புற்றுநோய் வந்த பெண்ணிடம் பயப்பட ஒன்றுமில்லை என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது.

அதனால் பெட் ஸ்கேன். சர்க்கரையை அதிகம் தின்னும் அணுக்கள் எங்கே என்று அது காட்டும். புற்றுநோய் அணுக்கள் தின்னும், உண்மைதான். ஆனால் அழற்சி அணுக்களும் தின்னும். காசநோய் முடிச்சும் ஒளிரும், சான்டும் மிதமாக ஒளிரும். சித்தியின் படத்தில் மண்ணீரலில் மட்டும் மங்கலாக ஓர் ஒளி, எலும்பிலும் நுரையீரலிலும் கல்லீரலிலும் எதுவும் இல்லை. நல்ல சேதிதான், ஆனால் முழு விடை இல்லை.

சித்திக்குப் பொறுமை போய்விட்டது. "ஏன்டி, ஒரு ஊசியப் போட்டுத் துளி எடுத்துப் பாத்தா முடிஞ்சுது. மாருக்கு அப்படித்தானே பண்ணாங்க? இதுக்கு எதுக்கு இத்தனை ஸ்கேனு?" நியாயமான கேள்வி. மார்பகத்தில் ஊசி போட்டால் ரத்தம் கசிந்தாலும் வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கலாம். மண்ணீரல் விலா எலும்புக்கு உள்ளே இருக்கிறது, கையால் அழுத்த முடியாது. உள்ளே கசிந்தால் அவசர அறுவையில் போய் முடியலாம். அதற்காக மண்ணீரலில் ஊசியே போடக் கூடாது என்று இல்லை. 2011-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பெரிய சிக்கல் வந்தது 2.2 விழுக்காட்டினருக்கு, மெல்லிய ஊசியாக இருந்தால் 1.3 விழுக்காடு. மற்ற வயிற்று உறுப்புகளை ஒப்பிட்டால் பயப்படும்படியான எண்ணிக்கை இல்லை. நிணநீர் அணுக்களில் வரும் புற்றுநோயான லிம்ஃபோமா போன்ற நோய்களைக் கண்டுபிடிக்க இது மிகவும் பயன்படுகிறது, அப்படிப்பட்ட சந்தேகத்தில் மண்ணீரலை எடுக்காமலே சிகிச்சையைத் தொடங்கிவிடலாம்.

ரத்தக்குழாய்க் கட்டிகளில்தான் ஊசி தடுமாறும். இதை நான் என் மேசையில் பார்த்திருக்கிறேன். ஊசியில் வருவது நூலளவு திசு. அதில் பாதி ரத்தம். மீதியில் கொஞ்சம் நார், நாலைந்து நுண்குழாய்கள். இது கட்டியின் நடுவா, ஓரமா, பக்கத்தில் இருந்த நல்ல மண்ணீரலா? கட்டியின் முழு அமைப்பும் கண்முன் இருந்தால்தான் சான்டா, ஹமார்ட்டோமாவா என்று சொல்ல முடியும். அதைவிட முக்கியம், ஆஞ்சியோசார்க்கோமா என்ற கொடிய ரத்தக்குழாய்ப் புற்றுநோய் மண்ணீரலில் அபூர்வமாக வரும். அதிலும் சில இடங்கள் சாதுவாகத் தோன்றும். ஊசி அந்த இடத்தைத் தொட்டால் பொய்யான நிம்மதிதான் கிடைக்கும்.

சித்தியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. கட்டி பெரிய ரத்தக்குழாய் வாசலை ஒட்டி இருக்கிறது சித்தி, ஊசி அங்கே போக டாக்டர் விரும்பவில்லை என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மை. மூன்று மாதம் கழித்து எடுத்த எம்ஆர்ஐயில் 4.4 சென்டிமீட்டர். தீங்கில்லாத கட்டியும் வளரும்தான். ஆனாலும் மார்பகப் புற்றுநோய் மண்ணீரலுக்கும் போகக்கூடியது, இப்போது வளர்ச்சியும் சேர்ந்துவிட்டது. அறுவை மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், ரேடியாலஜிஸ்ட், பேத்தாலஜிஸ்ட் நால்வரும் கூடிப் பேசி எடுத்துவிடலாம் என்றார்கள். வாசலை ஒட்டி இருந்ததால் மண்ணீரலில் பாதியை விட்டுவைக்கவும் வழியில்லை. சித்தி உடனே சரி என்றார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்: பழையது திரும்ப வந்துவிட்டதா, இல்லையா?

மண்ணீரலை எடுப்பதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே தடுப்பூசிகள் போட வேண்டும். நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் என்று மூன்று கிருமிகளுக்கு எதிராக. உறை போர்த்திய இந்தக் கிருமிகளை ரத்தத்திலிருந்து வடித்தெடுப்பது மண்ணீரல்தான். அது இல்லாத ஆளுக்கு இவை சில மணி நேரத்தில் உயிருக்கே உலை வைக்கும். மண்ணீரல் இருக்கும்போதே ஊசி போட்டால் உடம்பு நன்றாக எதிர்ப்புச் சக்தியை உருவாக்கிக்கொள்ளும். நியூமோகாக்கஸ் ஊசிக்கு, சிங்கப்பூரில் மருத்துவச் செலவுக்கென இருக்கும் சேமிப்புக் கணக்கான மெடிசேவைப் பயன்படுத்தலாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன், பலருக்குத் தெரிவதில்லை.

லேப்பராஸ்கோபி முறையில், சின்னத் துளைகள் வழியாகத்தான் செய்தார்கள். மண்ணீரலை இப்படி எடுக்கத் தொடங்கியது 1991-ல். இதில் நோயாளியின் குடும்பம் அறுவைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, நான் சித்திக்காகக் கேட்டேன். துளை சின்னது, மண்ணீரல் பெரியது. வழக்கமாக உள்ளேயே பைக்குள் போட்டு நொறுக்கி வெளியே எடுப்பார்கள். ரத்தநோய்க்காக எடுக்கும்போது அது போதும். என்ன கட்டி என்று தெரியாதபோது நொறுக்கினால் என்னைப் போன்றவர்களிடம் வருவது கூழ்தான். அதை வைத்துக்கொண்டு கட்டியின் ஓரம் எது, நடு எது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த டாக்டர் கேட்பதற்கு முன்பே, முழுதாக எடுக்கப் போகிறேன், அதற்காகக் கீழே கொஞ்சம் நீளமாக வெட்டுவேன் என்றார். அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

சித்தியின் மண்ணீரல் வேறொரு மருத்துவமனையின் கூடத்துக்குப் போனது. நான் அதைப் பார்க்கவில்லை, அறிக்கையை மட்டும் படித்தேன். ஆனால் அங்கே என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், நாங்கள் தினமும் செய்வதுதான். முதலில் எடை, அளவு, படம். பிறகு நீளக் கத்தியால் மண்ணீரலைப் பட்டை பட்டையாக வெட்டுவார்கள். கட்டாயம் வெட்ட வேண்டும், ஏனென்றால் ரத்தம் நிறைந்த இந்த உறுப்புக்குள், திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் மெதுவாகத்தான் இறங்கும். முழுதாகப் போட்டு வைத்தால் வெளியே பதமாகி உள்ளே கெட்டுப்போகும். வெட்டியதும் கட்டி வெளியே தெரியும். லிட்டோரல் செல் ஆஞ்சியோமா என்றால் மண்ணீரல் முழுக்கக் கருஞ்சிவப்பாகப் பல முடிச்சுகள், அழுத்தினால் ரத்தம் கசியும். சான்ட் என்றால் ஒற்றைக் கட்டி, வெளிறிய நார்ப்பின்னல், அதற்குள் பழுப்புச் சிவப்பில் சின்னச் சின்ன வட்டங்கள். அனுபவமுள்ள பேத்தாலஜிஸ்டுக்கு இந்த இடத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

கட்டியிலிருந்து நகத்தளவு துண்டுகளை எடுத்து, ராத்திரி முழுக்க ஆல்கஹால், சைலீன் என்று கருவியில் ஓடவிட்டு, காலையில் பாரஃபின் மெழுகில் பதிப்போம். மைக்ரோடோமில் வைத்து 3, 4 மைக்ரான் கனத்தில் சீவ வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். மண்ணீரலைச் சீவும்போது கை நிதானமாக இருக்க வேண்டும், பதம் தவறினால் சீவல் பொடிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் சீவலை மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடித் தகட்டால் ஏந்தி எடுப்போம். முதலில் வழக்கமான ஊதா, இளஞ்சிவப்புச் சாயம். அதன் பிறகுதான் நோயைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சாயங்கள்.

அணுக்களின் மேல் இருக்கும் புரதங்களுக்குச் சிடி8, சிடி34 என்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றையும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஊற்றினால், அந்தப் புரதம் உள்ள இடம் மட்டும் பழுப்பாகும். சிடி8 பொதுவாக வெள்ளணுக்களில் ஒரு வகையின் அடையாளம். ஆனால் மண்ணீரலின் ரத்த வழிகளை உள்ளே பூசியிருக்கும் அணுக்களிலும் அது இருக்கும். உடம்பின் மற்ற ரத்தக்குழாய்களில் இப்படிக் கிடையாது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது. ஆகவே கட்டியின் குழாய்கள் சிடி8-இல் பழுப்பானால் அது மண்ணீரலின் சொந்தத் திசு, ஹமார்ட்டோமா. சிடி34 மட்டும் பிடித்துச் சிடி8 பிடிக்காவிட்டால் ஹெமாஞ்சியோமா. இரண்டும் பிடிக்காமல், சிடி68, சிடி21 பிடித்தால் லிட்டோரல் செல் ஆஞ்சியோமா. சான்டில் ஒரே முடிச்சுக்குள் மூன்று விதக் குழாய்களும் கலந்து கிடக்கும்: சிடி34 பிடிக்கும் நுண்குழாய், சிடி8 பிடிக்கும் மண்ணீரல் வழி, இரண்டும் பிடிக்காத சின்னச் சிரை. ஒரே கட்டியின் தகடுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கலவை புலப்படும். ஊசியில் வந்த நூலளவு திசு ஏன் போதாது என்பது இப்போது விளங்கும் என்று நினைக்கிறேன்.

சித்தியின் அறிக்கையில் இவை எல்லாம் வரிசையாக இருந்தன. எப்ஸ்டைன் பார் வைரஸ் இருக்கிறதா என்றும் பார்த்திருந்தார்கள், இல்லை. அழற்சிக் கட்டியைப் போலவே வேடம் போடும் ஒருவகைப் புற்றுநோய் மண்ணீரலில் உண்டு, அதில் இந்த வைரஸ் இருக்கும், அதை விலக்குவதற்காக. கெரட்டின் சாயமும் போட்டிருந்தார்கள். மார்பகப் புற்றுநோய் அணு ஒன்றேனும் இருந்தால் அதில் பழுப்பாகத் தெரிந்திருக்கும். எதுவும் தெரியவில்லை. நான் முதலில் தேடிப் படித்தது அந்த வரியைத்தான். ஃபோனில் சித்திக்குச் சொன்னபோது அவர் கட்டியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "பழசு இல்லையே? அது போதும்டி" என்று அழுதார். நானும் அழுதேன்.

பிறகு, ஒன்றுமில்லாத கட்டிக்கு ஓர் உறுப்பையே எடுத்துவிட்டார்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். முடிவு தெரிந்த பிறகு அப்படிப் பேசுவது எளிது. மூன்றில் ஒருவருக்குப் புற்றுநோய் என்ற கூட்டத்தில் நின்றவர், வளரும் கட்டி, ஊசி போக முடியாத இடம். சித்தியின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் எடுத்துவிடத்தான் சொல்லியிருப்பேன். அதே வாயால், எந்த நோயும் இல்லாத அண்ணனுக்கு யாராவது அறுவை செய்யச் சொல்லியிருந்தால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

சான்டை எடுத்துவிட்டால் பிரச்சினை அதோடு முடிந்தது, திரும்ப வருவதில்லை. லிட்டோரல் செல் ஆஞ்சியோமா வந்தவர்களுக்கு மட்டும் பெருங்குடல் போன்ற வேறு இடங்களில் புற்றுநோய் சேர்ந்திருப்பது அடிக்கடி காணப்பட்டிருப்பதால், அவர்களை நன்றாகச் சோதித்துத் தொடர்ந்து கவனிப்பார்கள்.

சித்தி இப்போது தை மாதத்தில் கும்பகோணம் போகத் தயாராகிறார். மண்ணீரல் இல்லாதவருக்கு மலேரியா வந்தால் கடுமையாக இருக்கும் என்பதால் பயண மருத்துவரைப் பார்த்துப் பேசியாயிற்று. காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால் பனடோல் போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது. டாக்டர் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கின் முதல் வேளையை விழுங்கிவிட்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மாத்திரை கைப்பையில் இருக்கிறது, பெட்டியில் இல்லை. மண்ணீரல் இல்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்த கடிதமும் அதோடு இருக்கிறது. ஊர்த் தெருவில் நாய்கள் அதிகம் என்பதால் அதையும் கேட்டு வைத்தேன். நாயின் எச்சிலில் இருக்கும் ஒரு பாக்டீரியா மண்ணீரல் இல்லாதவர்களை மோசமாகத் தாக்கும். கடித்தாலோ கீறினாலோ காயம் சின்னதுதானே என்று பார்க்காமல், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரேபிஸ் ஊசி மட்டும் போதாது, ஆன்டிபயாட்டிக்கும் வேண்டும் என்று அங்கே கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.